சாமி ரூமில் இருந்த சர்வர்

என் கடைக்கு வரும் பெட்டிகளில் தூசி இருக்கும், பல்லி முட்டை இருக்கும், ஒருமுறை கரப்பான் குடும்பமே குடியிருந்தது. நெற்றியில் சந்தனப் பொட்டோடு வந்த பெட்டி அது ஒன்றுதான்.

நான் ஈப்போவில் புந்தோங் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பினாங்கில் ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில், தூசி துளியும் ஆகாத கிளீன் ரூமில் பல வருஷம் வேலை. அங்கே பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, பொட்டு கூடவே கூடாது. கல்யாணமாகி மறுவாரமே வேலைக்கு வந்த பெண்கள், குங்குமத்தை அழிக்கச் சொன்னதற்காக வாசலில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவள் முன்னால், டிஸ்க் இருக்கிற பெட்டியைப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஆயர் தாவாரிலிருந்து வந்த ஒரு தம்பதி. இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மாதான் பேசினார்.

"தங்கச்சி, இது ரோசாக், கெட்டுப் போயிருச்சு. லைட் எரியுது, டிக் டிக்னு சத்தம் வருது, அப்புறம் தானா அணைஞ்சுருது. வேற ஒரு கடையில காட்டுனோம். ரெண்டு டிஸ்க்கும் செத்துப் போச்சு, தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க லா."

அது வீட்டில் வைக்கிற சேமிப்பு சர்வர். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். நாங்கள் மிரர் என்போம்.

"பொட்டு யாரு வச்சது அக்கா?"

"ஆயுத பூசைக்கு வச்சோம். அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாம வைக்கிறதுதான்."

"வெள்ளிக்கிழமையா? பெட்டிய எங்க வச்சிருந்தீங்க?"

"சாமி ரூம்லதான். முக்கியமான சாமான வேற எங்க வைக்கிறது?"

கோபத்தோடு சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நம் வீடுகளில் வீட்டு கிராண்ட் பத்திரம், பாஸ்போர்ட், தாலிக்கொடி, புதுக் கார் சாவி எல்லாம் சாமி படத்துக்குப் பின்னால்தானே இருக்கிறது? என் வீட்டிலும் அப்படித்தான். சர்வரும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூடியைக் கழற்றினேன். கடை முழுக்கச் சாம்பிராணி மணம். வாரா வாரம் போட்ட புகையும் விளக்கு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, விசிறி கறுப்பாகக் கெட்டிப்பட்டு நின்றே போயிருந்தது. பிள்ளைகளே, புகை டிஸ்க்குக்கு உள்ளே போய்விடாது. அதன் மூச்சுத் துளையில் வடிகட்டி இருக்கிறது. ஆனால் விசிறி நின்றால் சூடு ஏறும், சூடு ஏறினால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போகும்.

"என்ன அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? இதுக்கு தீபாராதனை ஒண்ணுதான் பாக்கி!" என்று அவர் கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

அவர் சிரித்தார். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை விரலால் லேசாகத் தூக்கிக் காட்டினார். தொண்டையில் ஒரு துளை இருந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பரவால்ல தங்கச்சி, தெரியாமதானே கேட்டீங்க" என்றார் அந்த அம்மா. "புத்துநோய். ஆபரேசன் ஆயி வருசமாச்சு."

ரசீது போட அவர் பெயரைக் கேட்டேன். அந்த அம்மா, "அதெல்லாம் அவங்கதான் சொல்லணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். பேர்க்காரருக்கோ குரல் இல்லை. கடைசியில் அவரே கைபேசியில் தட்டிக் காட்டினார்: மாணிக்கம். அதற்குக் கீழே, இவள் தனலெட்சுமி, இவளுடைய பேரை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன் என்று எழுதியிருந்தது. ஆளைப் பாருங்கள், பேச முடியாதபோதும் வாய்!

உள்ளே என்ன இருந்தது

மாணிக்கம் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். ஆனால் மஞ்சோங் வட்டாரத்தில் அவரை மைக்காரர் என்றால்தான் தெரியுமாம். திருவிழா வந்துவிட்டால் எந்தத் தோட்டத்துக் கோவிலாக இருந்தாலும் மைக் அவர் கையில்தான். காணாமல் போன பிள்ளையைத் தேடுவது, வழியை மறிக்கிற காரை எடுக்கச் சொல்வது, சாப்பாட்டு வரிசையை ஒழுங்கு செய்வது எல்லாம் அந்தக் குரல்.

ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். குரல் போவதற்குள் நிறையப் பேசிப் பதிவு செய்து வையுங்கள், பிறகு நீங்கள் எழுதுவதை உங்கள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும்படி செய்யலாம் என்று. கோலாலம்பூரில் இருக்கிற மகள் இந்தச் சர்வரை வாங்கி வைத்துக் கொடுத்தார். அண்ணன் தொண்டை வலியோடு தினமும் உட்கார்ந்து பேசினார். பேசப் பேச எல்லாம் சர்வருக்குப் போனது. அங்கே பத்திரமாக இருக்கிறதே என்று கைபேசியில் இருந்ததை அழித்துவிட்டார்கள். தமிழில் குரல் செய்து கொடுக்கிற ஆளை மகள் தேடிப் பிடித்து, பதிவுகளை அனுப்பச் சொன்ன வாரத்தில் பெட்டி படுத்துவிட்டது.

"வேற எங்கயும் இல்லையாக்கா?"

"ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு நெனச்சோம். கல்யாண வீடியோல கொஞ்சம் பேசியிருப்பாங்க, அதுல நாதஸ்வரந்தான் கேக்கும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணப் படம், கடைக் கணக்கு என்று எவ்வளவோ மீட்டிருக்கிறேன். ஒரு மனிதரின் குரலே மேசை மேல் இருந்தது அன்றைக்குத்தான்.

கரண்ட் செய்த வேலை

இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் செத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்காது என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு முன்னால் கரண்ட்டைச் சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் பொதுவானது அதுதானே?

பெட்டியின் அடாப்டரை மீட்டரில் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. முதலில் பார்த்த கடைக்காரரும் இதோடு நிறுத்தியிருப்பார். சும்மா இருக்கும்போது எல்லா அடாப்டரும் யோக்கியன்தான். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். கொடுத்தேன். டிஸ்க் சுற்றத் தொடங்கிய உடனே வோல்ட் சரசரவென்று இறங்கியது. போதிய கரண்ட் இல்லாமல் டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் தன் இடத்துக்குத் திரும்பிப் போகும் சத்தம்தான் அந்த டிக் டிக். தொழிற்சாலையில் காது பழகிய சத்தம் அது. சாமி விளக்குச் சரத்தோடு ஒரே எக்ஸ்டென்ஷனில், மூடிய மாடத்துக்குள் வெந்து வெந்து அடாப்டர் நொந்துபோயிருந்தது.

"அக்கா, அடாப்டர்தான் போச்சு!" என்று கத்தியேவிட்டேன். தனலெட்சுமி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்து என்னுடைய சப்ளையில் தனித்தனியாகப் போட்டேன். இரண்டாவது சுற்றியது. முதலாவது நல்ல கரண்ட்டிலும் டிக் டிக் என்றது. அது உண்மையாகவே செத்திருந்தது, அதுவும் எப்போதோ.

"ஒரு டிஸ்க் போனா இந்தப் பெட்டி பீப் பீப்னு கத்தும். கத்தலையா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கத்துச்சு தங்கச்சி" என்றார் அக்கா மெல்ல. "சாமி கும்பிடுற நேரத்துல கத்துனா அபசகுனம் மாதிரி இருந்துச்சு. ஆபரேசன் தேதி குடுத்திருந்த சமயம் வேற. பின்னால பட்டன் இருந்துச்சு, அமுக்கிட்டேன். நின்னுருச்சு. சாமி நிறுத்திருச்சுன்னு நெனச்சேன்."

எனக்கு வந்ததே கோபம்! தீ எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனது போல அல்லவா இருக்கிறது? வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மாணிக்கம் அண்ணன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவளைத் திட்டாத தங்கச்சி. எங்க வீட்டுல சத்தம் போடுற வேலை என்னோடது, பெட்டி போட்டா அவளுக்கு எப்படிப் பொறுக்கும்?

அதைப் படித்துவிட்டு அக்கா அழுதுகொண்டே அவர் தோளில் ஓர் அடி வைத்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆபரேஷன் தேதியை வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்தச் சத்தமும் கெட்ட செய்தியாகத்தானே கேட்கும்?

மிச்சம் இருந்தது இரண்டாவது டிஸ்க் ஒன்றே. பதிவுகள் எல்லாம் அதில் மட்டும்தான். புது அடாப்டர் மாட்டி, புது டிஸ்க் செருகி, ரிப்பேர் பட்டனை அமுக்கினால் பெட்டியே மிரரைச் சரிசெய்துகொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். செய்யாதீர்கள். சூட்டில் நலிந்த டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டால் பாதியில் விழுந்துவிடும். நான் பெட்டியைத் தொடவே இல்லை. டிஸ்க்கை மட்டும் என் மிஷினில் மாட்டினேன். அதில் எதையும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, படிக்க முடிந்ததை முதலில் நகல் எடுக்கவிட்டேன். முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து கெஞ்ச வேண்டும். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

நாள் பிடிக்கும், வீட்டுக்குப் போங்கள் என்றேன். போனார்கள். மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றார்கள். அதற்கு மறுநாளும்.

"இங்கயே இருந்தா அது சீக்கிரம் ஓடுமாக்கா?"

"ஓடாது தெரியும். வீட்டுல இருக்க முடியல லா."

நகல் பாதிக்கு மேல் போனதும் டிஸ்க் ஒரு மாதிரி முனகியது. உடனே நிறுத்தி ஆறவிட்டேன். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றேன். முடியாது என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? அதுதான் என் பயம்.

ஆறியபின் மறுபடி ஓடவிட்டேன். ஓடியது. சில இடங்கள் கடைசிவரை வரவில்லை. நகலைத் திறந்தேன். ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன. பெயர் வந்தால் போதாது, உள்ளே சத்தம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். "வாங்க, உக்காருங்க." "லோரி வந்திருச்சா?" "மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடு." ஒரு சில ஃபைல்கள் வெறும் இரைச்சல். மற்றதெல்லாம் நன்றாக இருந்தன.

ஹெட்போனைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எதுவும் எழுதாமல் அதை எடுத்து அக்காவின் தலையில் மாட்டிவிட்டார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று கடையே அதிரும்படி, "அதான் ஆத்தி வச்சிருக்கேன்ல, எடுத்துக் குடிங்க!" என்றார்.

அது டீ கேட்கிற பதிவு. தான் சொன்னதை உணர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். அதில் என்ன வெட்கம்?

கற்றுக்கொண்டது

ஒரே பெட்டிக்குள் இருக்கிற மிரர் தனி நகல் ஆகாது என்று அன்றைக்கே அவர்களுக்குப் புரியவைத்தேன். ஒரு நகல் மகளிடம், ஒன்று வீட்டில், ஒன்று வேறு இடத்தில் என்று பிரித்துக் கொடுத்தேன். பெட்டியை ஹாலுக்கு மாற்றச் சொன்னேன். இதெல்லாம் தொழில் பாடம், எந்தப் பயிற்சியிலும் கிடைக்கும். இன்னொன்றைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பெட்டி வந்தால் எத்தனை டெராபைட், எந்த மாடல் என்று கேட்பேன். இப்போது உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரையே எடுக்கிறேன். அவசரக் கை தானாக நிதானத்துக்கு வந்துவிடுகிறது.

சில மாதம் கழித்து ஒரு பகல் நேரம். லேப்டாப்பில் காப்பி ஊற்றிக்கொண்டு வந்த ஒருவரை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. எடுத்தேன்.

"தங்கச்சி, ஆயர் தாவார்லேருந்து பேசுறேன். நல்லா இருக்கியா?"

கனத்த குரல், கொஞ்சம் கரகரப்பு. நாள் கணக்கில் என் காதுக்குள் இருந்த குரல். நேரில் ஒரு வார்த்தை பேசிக் கேட்டிராத மனிதர், என்னை நலம் விசாரிக்கிறார். திட்டிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டேன். எதிரே நின்றவர் என்னமோ ஏதோ என்று பார்த்தார்.

அந்தப் பக்கம் அண்ணன் அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்.

"லைன் இருக்கா தங்கச்சி? நீ பேசாம இருக்கிற ஆளு இல்லையே."

இருக்கேன் அண்ணே, சொல்லுங்க என்று சொல்வதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது.