இடது முன்சக்கரத்துச் சத்தம்

சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் தேய ஆரம்பித்தால் ஒரு சத்தம் வரும். கோயிலில் பாட்டு தொடங்குமுன் சுருதிப்பெட்டி மட்டும் தனியாக ஒலிக்குமே, அந்த மாதிரி. வேகம் கூடினால் சத்தமும் கூடும். வண்டியை வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் பெரிதானால் இடது சக்கரம் என்று அர்த்தம். நான் அதிகம் படித்தவளில்லை. ஆனால் இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அப்பா சொல்லிக் கொடுத்தது.

அப்பா உட்லண்ட்ஸிலிருந்து சிராங்கூன் சாலைக் கடைகளுக்குத் தேங்காயும் வாழையிலையும் ஏற்றிப் போகும் வேன் வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். "ஏதாச்சும் புதுசா சத்தம் கேக்குதாம்மா?" என்று நடுநடுவே கேட்பார். அவர் ஓட்ட வேண்டும், நான் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னை நம்பிக் கொடுத்த வேலை என்று எனக்குப் பெருமை. அவருக்கே அது ஏன் கேட்கவில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டு டிவி சத்தம் கீழ்மாடி வரை போகும். அம்மா எதையும் இரண்டு தடவை சொல்வார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றிருந்தேன். பெரியப்பாவிடம் கத்தித்தான் பேச வேண்டும். நாற்பது வயதுக்குள் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் தேவார வகுப்புப் பிள்ளைகள் பாட வேண்டிய நாள். முதல் பாட்டு என்னுடையது. அன்னதானச் சமையலுக்கு உதவ அம்மா விடியற்காலையிலேயே ரயிலில் போய்விட்டார். நானும் அப்பாவும் வேனில் கிளம்பினோம். விரைவுச்சாலையில் ஏறியதும் என் காலடியில் அந்தச் சுருதிப்பெட்டி ஒலிக்கத் தொடங்கியது.

அப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "கையில என்னமோ ஒதறுது. சத்தம் கேக்குதாம்மா?"

ஆமாம் என்றால் வண்டியைப் பட்டறைக்குத் திருப்பிவிடுவார். என் பாட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"கேக்கலப்பா."

"நல்லா கேட்டுச் சொல்லு."

"ஒண்ணுமே கேக்கல."

அவர் வண்டியை லேசாக இடமும் வலமும் வளைத்துப் பார்த்தார். வலப்பக்கம் போகும்போது காலடியில் உறுமியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பாட்டை முணுமுணுத்தேன். அப்பா என் வார்த்தையை நம்பினாரோ இல்லையோ, கையை நம்பினார். அடுத்த பிரிவில் இறங்கி, தெரிந்த பட்டறைக்கே போய்விட்டார்.

பட்டறை வைத்திருந்த சீன அங்கிளும் அப்பாவும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். வண்டி நிற்குமுன்பே அவர் வெளியே வந்து, முனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிட்டதாகவும், பேரிங் போய்விட்டதாகவும் சொன்னார். "உனக்கென்ன காதில் பஞ்சா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, அங்கிள் இடது முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அப்பா குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் அதிர்ந்துகொண்டிருந்த ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. அவர் வேண்டிக்கொள்கிறார் என்றே நினைத்தேன். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அங்கிளிடம் சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றச் சொன்னார்.

"இது கேக்குதாம்மா?"

கல் அரைபடுகிற மாதிரி அவ்வளவு சத்தம். கேட்கிறது என்றால் முன்னால் சொன்னது பொய்யாகிவிடும்.

"இல்லப்பா."

அப்பாவின் முகம் வெளுத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. இன்னொரு பயணம் போயிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும் என்று அங்கிள் சொன்னதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வேனை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் போனோம். என் இடத்தில் வேறு பிள்ளை பாடி முடித்திருந்தாள்; எனக்குக் கடைசிப் பாட்டு கிடைத்தது. எல்லோரும் அம்மனைப் பார்த்து நின்றார்கள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வேனை எடுக்கப் போகவில்லை. என்னைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனார். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அங்கே பொய் சொல்ல எனக்குப் பயம். ஒன்றுவிடாமல் அமுக்கினேன்.

"பிள்ளைக்குக் காது ரொம்ப நல்லா இருக்கு. குடும்பத்துல யாருக்காச்சும் குறை உண்டா?" என்று மருத்துவர் கேட்டார்.

அப்பாவுக்கு அது சரியாக விழவில்லை. மருத்துவர் மறுபடி உரக்கக் கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு," என்றார் அப்பா. பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, "எனக்கும்," என்றார்.

பொய் வெளிப்பட்டுவிட்டது, இனி அடிதான் என்று தலை குனிந்திருந்தேன். அவர் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேராகச் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனோம். பிள்ளையார் முன் ஒரு தேங்காயை ஓங்கி உடைத்தார். அது நாலா பக்கமும் சிதறியது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்.

நான் சொன்ன பொய் அப்பாவுக்குப் புரியவே இல்லை போலும் என்று எனக்கு ஒரே நிம்மதி. என்னைக் காப்பாற்றியதற்காக நானும் பிள்ளையாருக்குக் கை கூப்பினேன்.