தகர டப்பா அண்ணாச்சி

எங்க காளீஸ்வரிய இன்னைக்கு மேலகரத்துல யாருகிட்டக் கேட்டாலும் செய்வினைக்காரின்னுதான் சொல்லுவாங்க. சொல்லுதவங்க வாயில கொள்ளிய வைக்க! அவ என் வீட்டுக்காரரோட தங்கச்சி. கல்யாணமே வேண்டாம்னுட்டு எங்க வீட்டுப் பின்னால ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில இருக்கா. கூட இருந்து பாக்கவ நான் சொல்லுதேன், கேளுங்க. ஒரு எறும்ப மிதிச்சாக்கூட குனிஞ்சு பாக்கவ அவ.

பகல்ல தென்காசியில ஒரு அச்சாபீஸ்ல கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் அடிப்பா. சாயங்காலம் வந்தா கொட்டகைக்குள்ள பூந்துருவா. குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டா ஞாயித்துக்கிழமை கையில சாக்கோட அருவிக்கரை அருவிக்கரையா அலைவா. அருவியில சோப்புப் போடக் கூடாதுன்னு வாசல்லயே பிடுங்கிப் போடுதாங்கள்லா, அந்த சோப்பு, தண்ணி அடிச்சிட்டுப் போன ஒத்தச் செருப்பு, பல்லு போன சீப்பு, எண்ணெய்ப் பாட்டில் மூடின்னு எல்லாம் வீட்டுக்கு வந்துரும். "ஏட்டி, ஊர்க் குப்பைய எல்லாம் கொண்டாந்து எந்தலையில கொட்டுதியே, உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"ன்னு கத்துவேன். "இங்கன பாருங்க மதினி"ன்னு ஒரு தாள நீட்டுவா. சோப்புல குரங்கு ஒண்ணச் செதுக்கி, அச்சாபீஸ் மையத் தடவி அடிச்சிருப்பா. எண்ணெய் மைங்கதால சோப்பு கரையாதாம். செருப்பு ரப்பர்ல செதுக்குன அச்சப் பாத்தீங்கன்னா, துண்டக் கட்டிக்கிட்டு அருவிக்கு நிக்க ஆம்பளைங்க வரிசையே அதுல இருக்கும். ஒவ்வொருத்தன் தொப்பையும் ஒவ்வொரு தினுசு. ஏச வந்த வாயி தன்னால சிரிச்சிரும்.

ஒரு ஆளு அவ கண்ணுல விழுந்துட்டா லேசுல விடமாட்டா. மொதல்ல பென்சில்ல வரைவா. பிறகு அச்சுல அடிப்பா. அதுக்கும் மனசு ஆறலன்னா தகரம், கம்பி, சீப்புன்னு கிடைச்சதை வச்சு ஆளையே செஞ்சு நிறுத்திருவா. அப்படி விழுந்தவருதான் பிச்சையா அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு ஐந்தருவியில எண்ணெய் மசாஜ் கடை. பக்கத்துலயே எனக்குப் பழக்கடை. வீடும் எங்களுக்கு அடுத்த தெருதான். பெரிய மீசை, அதவிடப் பெரிய தொப்பை. முதுகுல எண்ணெய ஊத்தி அவரு தட்டுத தட்டு அருவிச் சத்தத்தையும் மீறிக் கேக்கும். காளிக்கு அவருன்னா உசுரு. அவரு பாட்டுக்குத் தேய்ப்பாரு, இவ என் கடையில உக்காந்து வரைஞ்சுக்கிட்டே இருப்பா.

போன சீசனுக்கு முன்னால அவர செஞ்சா. எண்ணெய் டின்னு உடம்பு. நசுங்குன அலுமினியச் சட்டி தொப்பை. அவரு கடைக்குப் பின்னால தூரப் போட்ட சீப்பு, முடியோட, அதுதான் மீசை. அவரு கிழிச்சு எறிஞ்ச துண்டையே இடுப்புல சுத்துனா. என் கடை முன்னால அவரு சட்டைப் பித்தான் ஒண்ணு தெறிச்சு விழுந்திருக்கு, அதத் தொப்புளா வச்சு, அசையாம இருக்க நடுவுல ஒரு ஆணிய அடிச்சா.

ஒருத்தரு உடுத்துன துணி, தலைமுடி, உருவம், வயித்துல ஆணி. அது என்னன்னு எங்க ஊருல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்தக் கூறுகெட்டவளுக்கு மட்டும் தோணல. அவ கண்ணுக்கு முடி மீசையாத் தெரிஞ்சுது, பித்தான் தொப்புளாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

சாரல் பிடிச்ச அன்னைக்குக் காலையில அதக் கொண்டுபோயி அண்ணாச்சி கடை பெஞ்சுல வச்சு, மேல ஒரு சாக்க மூடிட்டு என் கடையில வந்து ஒளிஞ்சுக்கிட்டா. அவருக்கு ஏற்கெனவே கொஞ்ச நாளா வயித்து வலி. வயித்தத் தடவிக்கிட்டே வந்தவரு சாக்கத் தூக்குனாரு. மொதல்ல சிரிக்கத்தான் செஞ்சாரு. "எவம்லே என்னய டின்னுக்குள்ள அடைச்சது!"ன்னு சத்தம் போட்டுச் சிரிச்சாரு. பிறகு துண்டத் தொட்டுப் பாத்தாரு. சீப்புல இருந்த முடிய விரலால இழுத்துப் பாத்தாரு. கை அப்படியே தொப்பைக்கு இறங்கி, ஆணியில வந்து நின்னுது.

எனக்கு அந்த மூஞ்சி இப்பவும் மறக்கல. ரத்தமே இல்லாமப் போச்சு. கடைய அப்படியே போட்டுட்டு ரோட்டப் பாத்து நடந்தாரு. காளி ஓடிப்போயி பொம்மையத் திரும்பச் சாக்குல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா, அத அங்கன நின்ன அத்தன பேரும் பாத்தாங்க.

அன்னைக்குப் படுத்தவருதான். தென்காசியில ஆஸ்பத்திரியில சேத்தாங்க. குடல்ல புண்ணு, மாத்திரையும் நேரத்துக்குச் சாப்பாடும் இருந்தா சரியாப்போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு சாப்பிட்டாத்தான? "மருந்துக்குக் கட்டுப்படுத நோயா இது?"ன்னு குளுக்கோஸ் ஊசியப் பிடுங்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. வாயில கஞ்சிய ஊத்துனா துப்புதாரு. மலை மாதிரி இருந்த மனுசன் கட்டில்ல துணி கிடக்க மாதிரிக் கிடந்தாரு.

அவரு பொண்டாட்டி பேச்சியம்மா என் வீட்டு வாசல்ல வந்து விழுந்தா. "அக்கா, என்ன கோவம்னாலும் இருந்துட்டுப் போகட்டும். எடுக்கச் சொல்லுங்கக்கா, எந்தாலிய விட்டுரச் சொல்லுங்க"ன்னு அழுதா. நான் அவளத் தூக்கி நிறுத்துனேன். காளி கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "வைக்காதத எப்படி மதினி எடுக்க?"ன்னு கேட்டா. அழுகைகூட வரல அவளுக்கு.

மறுநாள் அண்ணாச்சி தம்பி அருண்பாண்டி பெட்ரோல் கேனோட வந்து நின்னான். பின்னால ஒரு கூட்டம். என் வீட்டுக்காரரு லாரி எடுத்துக்கிட்டு கேரளாவுக்குப் போயிருந்தாரு. "எங்கண்ணனுக்கு ஒண்ணு ஆச்சு, இந்தக் கொட்டகையோட அவளையும் வச்சுக் கொளுத்திருவேன்"னான். "ஏலே, தொட்டுப் பாருலே! உங்கண்ணனுக்குக் கஞ்சி குடுக்க வக்கில்ல, பொம்பளைகிட்ட வந்து கேனத் தூக்குத, வெக்கமா இல்ல?"ன்னு வாசல் கூட்டுத வாரியலோட போயி நடுவுல நின்னேன். வாயிதான் அப்படிப் பேசுச்சு, கண்ணு கொட்டகை மேலயே இருக்கு. உள்ள அவ்வளவும் தாளு. இத்தன வருசமா அவ வரைஞ்சது, அடிச்சது எல்லாம் அங்கனதான் இருக்கு. ஒரு தீக்குச்சி போதும்.

காளி வெளிய வந்தா. கையில அந்தச் சாக்கு, உள்ள தகர அண்ணாச்சி. "வாங்க, உங்க வீட்டுக்குத்தான் வாரேன்"னா.

கூட்டம் எங்களுக்கு முன்னாலயும் பின்னாலயுமா வருது. எவளோ ஒருத்தி பிள்ளைய இழுத்துக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்துதா. அண்ணாச்சி கட்டில்ல கிடக்காரு, கண்ணு மட்டுந்தான் அசையுது. காளி பக்கத்துல உக்காந்தா. "அண்ணாச்சி, நான் விளையாட்டுக்குச் செஞ்சேன். உங்க மேல உள்ள பிரியத்துல செஞ்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. கஞ்சி குடிங்க அண்ணாச்சி"ன்னா. அவரு செவுத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு. அவரு உதடு வெடிச்சு ரத்தம் உறைஞ்சு கிடந்துது. காளி அதையே பாத்தா.

பிறகு நிமிர்ந்தா. குரலே மாறிப்போச்சு. "ஆமா அண்ணாச்சி. நாந்தான் வச்சேன். இப்ப எடுக்கேன்"னா.

அடிப்பாவி! "ஏட்டி, என்ன பேசுத?"ன்னு கையப் பிடிச்சேன். உதறிட்டா. அருண்பாண்டி போன எடுத்து வீடியோ பிடிக்கான்.

பேச்சியக் கூப்பிட்டு அடுப்புக்கரிய எண்ணெயில குழைச்சுக் கொண்டாரச் சொன்னா. சாக்குக்கு அடியில கிடந்த சோப்பு அச்ச எடுத்து, கரியத் தடவி, கட்டிலச் சுத்தித் தரையில அடிச்சுக்கிட்டே வந்தா. அது அந்தக் குரங்குன்னு எனக்குத் தெரியும். பேச்சி அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. பிறகு தகர அண்ணாச்சிய அவரு கண்ணு முன்னால நிறுத்தி, குறட்ட ஆணியில போட்டுப் பையப் பைய இழுத்தா. ஆணி வர மாட்டேங்கு. அவரு வயித்தப் பிடிச்சுக்கிட்டு "யம்மா"ங்காரு. ஆணி கழண்டு பித்தான் தரையில விழுந்துது. அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டாரு பாருங்க, அப்படி ஒரு மூச்சு.

"பேச்சி, பசிக்கி"ன்னாரு.

கஞ்சி குடிச்சாரு, மாத்திரையும் முழுங்குனாரு. கொஞ்சங்கொஞ்சமா எந்திரிச்சு உக்காந்தாரு. காளி தகரத்த எல்லாம் அங்கனயே பிரிச்சுப் போட்டுட்டு வந்தா. வந்து என் மடியில விழுந்து அழுதா பாருங்க, அன்னைக்கு முழுக்க அழுதா.

அந்த வீடியோ போகாத போன் இல்ல. கல்யாணப் பத்திரிகை தொடுத கையா இதுன்னு அச்சாபீஸ்ல நிறுத்திட்டாங்க. லீவுல அவகிட்டப் படம் வரைய வந்த பிள்ளைங்க ஒண்ணுகூட வரல. அவ தெருவுல நடந்தா காயப் போட்ட துணிய உள்ள எடுக்காளுவ. ஒரு முடி சிந்திரக் கூடாதாம், சவத்து மூதிக! நான் ஏசிக்கிட்டேதான் இருக்கேன், யாரு கேக்கா? ஒரு உசுரு பிழைச்சுதேன்னு அவ மட்டும் சொல்லுவா.

போன வாரம் அந்த உசுரு வந்துது. பிச்சையா அண்ணாச்சி, பழையபடி தொப்பையும் மீசையுமா. கொட்டகை வாசல்ல உக்காந்து, மடியில இருந்து ஒரு காகிதப் பொட்டலத்த எடுத்துப் பிரிச்சாரு. உள்ள ஒரு அழுக்குக் கர்ச்சீப்பு.

"எதுத்தாப்புல புதுசா மசாஜ் கடை போட்டிருக்காம்லா, அவன் கர்ச்சீப்பு. உயிருக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி, பாவம். இந்த சீசன் முடிய வயித்த வலிச்சாப் போதும்."

எனக்கு வந்த கோவத்துல வாரியலத் தேடுனேன். காளி என்னயக் கையக் காட்டி நிறுத்துனா. அவருக்கு முன்னால வந்து தரையில உக்காந்தா. "அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. எனக்கு ஒரு எழவும் தெரியாது. அன்னைக்கு நீங்க ஒரு வாய் கஞ்சி குடிக்கணும்னு பொய் சொன்னேன். நான் வைக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல"ன்னா.

அண்ணாச்சி சிரிச்சாரு. கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னுது.

"எடுக்கலையா?"ன்னாரு. கை தன்னால வயித்துக்குப் போச்சு. நெத்தியில பொட்டுப் பொட்டா வேர்க்குது. "அப்ப அது இன்னும் உள்ளதான் இருக்கா தாயி?"

காளி என்னயப் பாத்தா. நான் அவரு வயித்துல இருந்த கையப் பாத்தேன்.

"இல்ல அண்ணாச்சி, சும்மா சொன்னேன்"னா அவ. "வச்சதும் நாந்தான், எடுத்ததும் நாந்தான். நல்லா எடுத்தாச்சு. போயிச் சாப்பிடுங்க."

அவளவிட எவ்வளவோ மூத்த மனுசன், எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தூக்கி அவளக் கும்பிட்டாரு. அவ முகத்தத் திருப்பிக்கிட்டா.