ரோஸ்லின் பாடிய வேகம்

டீ டைமில் இருந்தவர்கள் இவர்கள். ஒடிசாக்காரன் பிகாஷ். அயர்ன் அடிக்கும் முருகன். செக்கிங் பார்க்கும் சாந்தியக்கா. பிறகு நான், பனியன் கம்பெனி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்.

பிகாஷின் செல்போனில் ஒரு பாட்டு ஓடியது. இந்தி வார்த்தை. மெட்டு மட்டும் எனக்குத் தெரிந்த மெட்டு.

"இது எங்க பாட்டுடா," என்றேன்.

"இல்ல அண்ணா, இது புது பாட்டு."

புதுசுதான். அது எப்போதும் புதுசாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் கேசட்டில் வந்தது. சினிமாப் பாட்டு இல்லை. ஒரு பையன் கிடாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடியது. பிறகு ஒரு பெண் பாடினாள். பிறகு டிரம் போட்டு ஓட்டமாக ஒன்று வந்தது. கல்யாண ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதெல்லாம் எங்கள் டீயில் மெஷின் ஆயில் வாசம் அடிக்கும். கை கழுவப் போனால் ரெண்டு பீஸ் போச்சு என்று கணக்கு. ஊத்துக்குளிக்காரர் ஒருவரின் கம்பெனியில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே நீள மேஜையில் வரிசையாக மெஷின்கள் இருக்கும். பவர் டேபிள் என்போம். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மேஜைத் தலைமாட்டில் டேப் ரெக்கார்டர். பாட்டு ஓடினால் கால் தானாகப் பெடலை அழுத்தும். பாட்டின் வேகம்தான் தையலின் வேகம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஓனருக்கும் தெரியாது.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைப்போம். பொரி கடலை தருவார்கள். ஓனர் மைக் செட் கட்டுவார். யாராவது பாட வேண்டும். அந்த வருஷம் செக்கிங்கிலிருந்த ரோஸ்லினைப் பிடித்துத் தள்ளினார்கள். என் மனைவி. கோவில்பட்டிப் பக்கம். சர்ச்சில் பாடிப் பழகியவள். இந்தப் பாட்டையும் சர்ச்சில் பாடுகிற மாதிரியே இழுத்துப் பாடினாள்.

"ஏட்டி, நீ முடிக்கதுக்குள்ள தீவாளி வந்துரும்," என்று கத்தினாள் அவள் ஊர்க்காரி ஒருத்தி.

"வரட்டும்டி. போனஸ வாங்கிட்டு மிச்சத்தப் பாடுதேன்," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, அதே இழுப்பில் பாடி முடித்தாள்.

ஓனருக்குப் பிடித்துப்போனது. அதைக் கேசட்டில் பிடித்திருந்தார். மறுநாளிலிருந்து டேபிளில் அதுதான் ஓடியது.

அந்த வாரம் பீஸ் குறைந்தது. நூலை மாற்றினார்கள். மெக்கானிக் வந்து பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். அடுத்த வாரமும் குறைந்தது. கடைசியில் ஓனர் டேபிளுக்குப் பக்கத்தில் குனிந்து எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, அம்மிணி பாட்டுக்கு உங்க காலெல்லாம் தூங்குதுங்க," என்றார். கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டுல வெச்சுக் கேட்டுக்கறனுங்க."

டிரம் பாட்டு வந்தபோது பீஸ் ஏறியது. தையல் விட்ட பீஸும் ஏறியது. ரோஸ்லின் வீட்டில் சமைத்துக்கொண்டே முணுமுணுப்பாள். "மெதுவா பாடாத, சோறு வேகாது," என்பேன். பெரிய ஆள் மாதிரி. அவள் இன்னும் மெதுவாகப் பாடுவாள்.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கல்யாண போட்டோ இருக்கிறது. ரேஷன் கார்டில் முகம் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. எத்தனையோ நாள் போனில் பேசினோம். பிடித்து வைக்கத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

பிகாஷ் போனை அணைத்த பிறகு அந்தக் கேசட் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊத்துக்குளிக்குப் போனேன். ஓனர் கம்பெனியை விட்டு ரொம்ப நாளாகிறது. தோட்டத்தில் மாடு வைத்திருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்தது. மோர் கொடுத்தார். ரோஸ்லின் போனதைச் சொன்னேன். கேசட்டைக் கேட்டேன்.

"அதுங்களா," என்று யோசித்தார். "டேப் ரெக்கார்டர் போனப்பறம் கேசட்டெல்லாம் சும்மா கெடந்துச்சுங்க. நாடாவ உருவிச் சோளக்காட்டுல கட்டி உட்டமுங்க, குருவிக்கு. காத்தடிச்சா ஙொய்ங்குன்னு சத்தம் போடுமுங்க. ஒரு குருவி எறங்காதுங்க."

"அவ பாடுனதும் அதுலயாங்க?"

"எல்லாந்தானுங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குத் தோணலீங்களே."

"பரவால்லீங்க," என்றேன். மோர் நன்றாக இருந்தது. குடித்தேன்.

அந்தச் சோளக்காட்டைக் காட்டச் சொன்னேன். கூட வந்தார். சோளம் இல்லை. வீடு கட்ட சைட் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். குருவியும் இல்லை. ஒரு கேசட் நாடா எவ்வளவு இடத்துக்கு வந்தது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை பார்த்துக் கணக்குப் போட்டார்.

கால் ஏக்கர்.