தம்பி சொல்லாமல் விட்ட பாதி

இரண்டு வருடத்துக்கு முன், மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலைநேரம். கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஊர் கிழக்குக் கரையில் சாய்ந்தமருது. சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறேன். குடி, சிகரெட் எதுவும் இல்லாத எனக்கு ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்றபோது சொந்தக்காரர்கள் நம்பவே இல்லை. நீரிழிவு என்கிற நீண்டகாலச் சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலையாம். கட்டி சின்னது என்பதால் வயிற்றை வெட்டவில்லை. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியை உள்ளே விட்டுச் சுட்டு அழித்தார்கள். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கண்டிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு தரமும் என்னோடு வந்தது என் தம்பி. கொழும்பில் புடவைக் கடையில் பல வருடம் நின்றவன், சிங்களம் தடங்கலில்லாமல் கதைப்பான். எனக்கோ சாமானுக்கு விலை கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். டொக்டர் நீளமாக ஏதோ சொல்வார். தம்பி என் பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லா இரிக்காம் காக்கா, பயப்பட ஒண்டுமில்லையாம்" என்பான். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அவ்வளவு நீளப் பேச்சு எப்படி இவ்வளவாகச் சுருங்கியது என்று நான் கேட்டதில்லை. நல்ல செய்தியை யார் துருவிக் கேட்பார்கள்?

அதனால் அன்று சுபஹ் தொழுதுவிட்டு வேனில் ஏறும்போதே தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"இதான் கடைசி. சுகமான ஆளுக்கு என்னத்துக்கு ஸ்கேன்? அடுத்த தரம் வேளாண்மை வெட்டு வருகுது. நான் வரமாட்டன்."

அவன் சாவியைத் திருகி வேனை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் என் முறை வரப்போகும் நேரம் பார்த்து, வேன் பாதையை மறித்து நிற்கிறது என்று காவலாளி வந்து சொன்னார். தம்பி ஓடினான். அவன் வருவதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். தனியாகவே உள்ளே போனேன்.

ஸ்கேன் செய்த டொக்டர் ஒரு இளம் பெண். வழமையை விட அதிக நேரம் எடுத்தார். விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியை வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். விட்டு விட்டுப் பலமுறை அப்படிச் செய்தார். முடிந்ததும் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தாதி கதவைத் திறந்து, தமிழ் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று வெளியே கேட்டார். ஒரு பெண் எழும்பி வந்தார். பாண்டிருப்பு ஊர், அம்பாறையில் சிங்களம் புழங்கும் ஒரு கந்தோரில் உத்தியோகம் என்று பிறகு அறிந்தேன்.

டொக்டர் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"காக்கா, டொக்டர் சொன்னத உள்ளபடியே சொல்லட்டா?"

"சொல்லுங்க தங்கச்சி."

"சுட்ட இடம் நல்லாத்தான் இருக்காம். ஆனா மற்ற ஈரல் இறுகிப் போயிருக்காம். இந்த மெசினாலயே அந்த இறுக்கத்த அளக்கலாமாம். உங்களுக்கு அது கூடவாம். இப்பிடி இறுகின ஈரலில வேற இடத்தில திரும்பக் கட்டி வரக்கூடிய வாய்ப்புக் கூட எண்டு சொல்றாங்க. கட்டாயம் வரும் எண்டில்ல. வராது எண்டு விடவும் ஏலாதாம். ஒரு ஸ்கேனையும் தவற விடக்கூடாதாம்." பிறகு, "போன தரமும் உங்கட தம்பிக்கிட்ட சொன்னதாம்" என்றார்.

வெளியே வந்தேன். வாங்கில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவருடைய கணவர்.

"இவருக்கும் இதே வருத்தம்தான் காக்கா. ஒருக்காத் திரும்பி வந்தது. சின்னதா இருக்கக்குள்ளயே கண்டுபிடிச்சதால திரும்பச் சுட்டாங்க."

கணவர் லேசாகச் சிரித்தார். "இவ எனக்கும் ஒண்டும் மறைக்கிறல்ல."

அப்போது அவரைக் கூப்பிட்டார்கள். கூடவே எழும்பிய மனைவியை அவர் கையைக் காட்டி மறித்தார். "நான் போய்ட்டு வாறன். நீ இவரோட இரு" என்றார். அவருக்கும் அன்று என்ன சொல்லப் போகிறார்களோ தெரியாது. தம்பி வந்து சேரும்வரை அந்தப் பெண் என் பக்கத்திலேயே இருந்தார். ஆறுதல் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருந்தார், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் மகியங்கனையில் லுஹர் தொழ நிறுத்தினோம். தம்பியை நன்றாக ஏச வேண்டும் என்றிருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"டொக்டர் சொல்லக்குள்ள உங்கட முகத்தப் பார்ப்பன் காக்கா. பிறகு வாயில வராது."

எனக்கு ஏச வரவில்லை. "இனி அப்பிடியே சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என் மனைவிக்கும் விஷயம் தெரியுமாம். திங்களும் வியாழனும் அவள் நோன்பு பிடித்து வந்தது எனக்காகத்தானாம்.

மூன்று மாதம் கழித்து, என் வயலில் அறுவடை மெசின் இறங்கி வேளாண்மை வெட்டிக்கொண்டிருக்க, நான் கண்டியில் ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்தேன். ஈரலின் மற்றப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கட்டி. அன்று தம்பிதான் மொழிபெயர்த்தான். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. அவன் மிச்சத்தையும் சொல்லி முடித்தான். அதையும் ஊசியால் சுட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை வேறு கட்டி வரவில்லை. ஈரல் இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேனுக்குத் தவறாமல் போகிறேன்.

தம்பி மறைத்ததும் பாசத்தில்தான், அதை இன்றும் நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனிதனிடம் கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டு, எழும்பிப் போய்விடாமல் அவன் பக்கத்திலேயே இருக்கும் தைரியம் எனக்கு வருமா என்று, ஒவ்வொரு தரமும் அந்த வாங்கில் உட்காரும்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.