என் மகளுக்கு நல்ல பனி

என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம்!

சிங்கப்பூரிலிருந்து வாழ்த்து. டொராண்டோவிலிருந்து வாழ்த்து. மஸ்கட், மதுரை, கோலாலம்பூர்... 'முதல் மாதச் சம்பளத்தில் எங்களுக்கு என்ன?' என்று ஒருவர். 'பெரிய ஆபீஸ் போனதும் எங்களை மறந்துவிடாதே தங்கச்சி' என்று இன்னொருவர். கூடவே பூங்கொத்து, கை தட்டும் மஞ்சள் பொம்மை, குதிக்கும் கரடி.

வேலை கிடைத்த பெண் அப்போது எங்கே இருந்தாள் தெரியுமா? மட்டாஞ்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில். கையில் டிரிப்ஸ் ஊசி. உதடு வெடித்து, கண் உள்ளே போய்...

இப்போது எழுந்து நடமாடுகிறாள். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இந்த வாரப் பத்தி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நித்யாவை உங்களுக்குத் தெரியும். ஸ்கூட்டர் பழகுகிறேன் என்று பக்கத்து வீட்டு மதிலை இடித்தாளே, அவளேதான். இப்போது களமசேரியில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது. அது மறந்துவிடக் கூடாது என்றுதான் இணையத்தில் ஒரு தமிழ் மன்றத்தில் சேர்ந்தாள். சினிமா, சமையல், கவிதை, அரசியல், மூட்டுவலி — எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனிப் பகுதி உண்டு. உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் வந்து எழுதுவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள்.

எப்போது பார்த்தாலும் அங்கேயே இருக்கிறாள் என்பதால் ஒருநாள் அவளை மட்டுறுத்துநர் ஆக்கினார்கள்.

"அப்படீன்னா?" என்றேன்.

"மாடரேட்டர் அம்மா. தமிழ்ல மட்டுறுத்துநர்."

மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு மட்டுறுத்துநர் என்று மன்றத்தில் யாரோ ஜோக் அடித்தார்களாம். எனக்கும் பெருமைதான். பாலக்காட்டில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன் என்றால் பாருங்கள்!

வேலை என்ன? நடிகர்களின் ரசிகர்கள் அடித்துக்கொண்டால் விலக்கிவிட வேண்டும். கெட்ட வார்த்தையை அழிக்க வேண்டும். எழுதியவர் 'ஏன் அழித்தாய்?' என்று பக்கம் பக்கமாகத் திட்டுவார். அதற்குப் பணிவாகப் பதில் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழை திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 'தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, உதவவும்' என்று தினமும் யாராவது புதிதாக வந்து நிற்பார்கள். எந்த எழுத்துருவை இறக்கி எங்கே போட வேண்டும் என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

நாம் தூங்கும்போது டொராண்டோ விழித்திருக்கிறது. டொராண்டோ தூங்கும்போது சிங்கப்பூர் எழுந்துவிடுகிறது. நித்யா எப்போது தூங்குவாள்?

என் கணவருக்குக் களமசேரியில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட், ஓவர்டைம், போனஸ் — உலகத்தை அவர் அளப்பது இப்படித்தான்.

"இதுக்கு எத்தற கிட்டும் மோளே?" என்றார்.

"ஒண்ணும் கிட்டாதுப்பா. இது சேவை."

"நம்ம பஜார்ல சும்மா நின்னு நோக்குறவனுக்கே கூலி உண்டு. நீ இவ்வளவு நோக்குறே... ஒரு நோக்குகூலிகூட இல்லையா?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் லாரியிலிருந்து உங்கள் மூட்டையை நீங்களே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்த சுமட்டுக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிவரும். அதற்குப் பெயர்தான் நோக்குகூலி. நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

அப்புறம் வந்தது அந்த நாள். காலையிலேயே அவள் உடம்பு அனல். போகாதே என்றேன். பிராக்டிக்கல் எக்ஸாம், போயே தீரணும் என்றாள். சாயாகூடக் குடிக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்து மன்றத்தில் ஒரு தகவல் எழுதிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

சாயங்காலம் ஆபீஸில் இருக்கிறேன். செல்போனில் நித்யாவின் நம்பர். எடுத்தால் ஆண் குரல்.

"சேச்சி, பஸ்ஸிலே கண்டக்டராணு. மோளு ஒண்ணு தளர்ந்து வீணு. பேடிக்கண்டா. தோப்பும்படியில் இறக்கி இருத்தியிட்டுண்டு."

பெண் மயங்கி விழுந்தாள், பயப்பட வேண்டாம் என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் நமக்கு என்ன ஆகும்? ஆட்டோவில் எப்படி ஏறினேன், என்ன கொடுத்தேன், எதுவும் நினைவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்த்தியிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்காரச் சேச்சி, கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார்.

கண்ணைத் திறந்து என் பெண் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அம்மா... மன்றத்துல கவிதைப் போட்டி முடிவு போடணும்."

நடுத்தெருவில் நின்று அழுதேன்.

டாக்டர் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பனி மாத்திரம் அல்ல. சரீரத்துல சக்தியே இல்ல. இந்தக் குட்டி உறங்காறில்லே? கால் சென்டர்ல ஜோலியா?"

"இல்ல டாக்டர், படிக்கிறா."

"பின்னே ஆருக்கு வேண்டி இந்த உறக்கமொழிப்பு?"

யாருக்காகத் தூக்கம் கெட்டாள்?

மறுநாள் கஞ்சி எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினேன். கட்டிலிலிருந்து குரல். "அம்மா, மன்றத்தை ஒண்ணு நோக்கிட்டு வரியா? பிளீஸ்." பாஸ்வேர்டையும் சொன்னாள். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தப் பூங்கொத்தும் கரடியும்.

முந்தின நாள் காலையில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'எனக்கு நல்ல பனி. கொஞ்ச நாள் வர இயலாது. மன்னிக்கவும்.'

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நல்ல பனி என்றால் கடும் காய்ச்சல். எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுதான். ஆனால் மதுரைக்காரருக்கு? மார்கழியில் பெய்வதுதான் பனி. 'எனக்கு நல்ல பனி' என்று ஒருத்தி எழுதினால் அவர் என்ன நினைப்பார்? எழுத்துப் பிழை... நல்ல பணி! அதனால்தான் வர முடியாது! ஆஹா, வாழ்த்துகள்!

ஒரு பெரியவர் திருத்தமே போட்டிருந்தார். 'பனி அல்ல அம்மணி, பணி. மூன்று சுழி ண. மட்டுறுத்துநரே பிழை செய்யலாமா?' பக்கத்தில் கண் சிமிட்டும் பொம்மை.

கீழே போகப் போக வாழ்த்தின் ருசி மாறியது. 'வேலை கிடைத்ததும் ஆளைக் காணோம் பார்த்தீர்களா?' 'போட்டி முடிவு எங்கே? ஒரு பொறுப்பு வேண்டாமா?' அவள் தோப்பும்படியில் சரிந்து கிடந்த நேரத்தில் எழுதியது இது.

அந்தக் கோபத்தில் இருக்கும்போதே போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து செல்வா. மன்றத்தை ஆரம்பித்தவர்.

"அம்மா, நித்யாவுக்கு வேலை கிடைச்சிருக்காமே! ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சின்ன உதவி மட்டும்..."

"வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல! பனின்னா காய்ச்சல் தம்பி. மயங்கி விழுந்து டிரிப்ஸ் ஏறிட்டிருக்கு."

"ஐயோ... அம்மா... எங்க ஊர்ல பனின்னா..."

விடவில்லை நான். "ராவும் பகலும் அவ உழைக்கிறாளே, சாப்பிட்டியா தூங்கினியான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஒரு பொண்ணை இப்படியா வேலை வாங்குறது?"

"கேக்கலை. தப்புதாம்மா." அப்புறம் மெதுவாக, "என்னையும் யாரும் கேக்கலை. பகல் முழுக்கக் கடையில கணக்கு எழுதுறேன். வந்து உக்காந்தா இது. சர்வர் வாடகை என் கைக்காசு. மன்றமா நானான்னு கேட்டுட்டு என் சம்சாரம் ஊருக்குப் போயாச்சு."

"அப்போ மூடிடுங்களேன்!"

"பூட்டப் போனேன்மா. லண்டன்லேருந்து ஒரு பெரியவர் மெயில் போட்டார். காலையில எழுந்தா தமிழ்ல பேச எனக்கு வேற ஆள் இல்ல தம்பின்னு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

நான் யாரைத் திட்டுவது? முதலாளி என்று ஒருவர் இருந்தால் சண்டை போடலாம். என் கணவரிடம் சொன்னால் கொடி பிடிக்கக்கூட வழி சொல்வார். இங்கே முதலாளியே சம்பளமில்லாமல் வேலை பார்த்து, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய், போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்!

யோசித்துப் பார்த்தேன். கோயில் உற்சவம் என்றால் நாங்களும்தான் ஓடி ஓடி வேலை செய்கிறோம். காய் நறுக்குகிறோம், பரிமாறுகிறோம், கால் வீங்குகிறது. யாரும் கூலி கேட்பதில்லை. ஆனால் அதற்குக் கொடியேற்றம் என்று ஒன்று இருந்தால் கொடியிறக்கம் என்றும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம். இணையத்தில் யாரோ கொடியை ஏற்றிவிட்டார்கள். இறக்குவது எப்போது என்று சொல்லவில்லையே?

மன்றத்தில் நானே எழுதினேன். 'நித்யாவின் அம்மா. அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. பனி என்றால் எங்கள் ஊரில் காய்ச்சல்.' அவ்வளவுதான்... மன்னிப்புகள் கொட்டின. நிலவேம்பு, சுக்கு, மிளகு ரசம், பிரார்த்தனை. சுழி திருத்திய பெரியவர், 'என் பேத்தி வயது. வெட்கமாக இருக்கிறது' என்று எழுதினார். அவர் மேல் கோபப்படவும் முடியாமல் போயிற்று.

அப்போது பார்த்து ஒரு புதியவர். 'தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, உதவவும்.'

எத்தனை தடவை நித்யா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டியிருப்பாள்! எனக்கே மனப்பாடம். எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. 'தெரிகிறது! அம்மா, தெரிகிறது! எவ்வளவு நாளாயிற்று தமிழைப் பார்த்து!'

எனக்குள் ஏதோ இனித்தது. பொய் சொல்வானேன்? இன்னும் இரண்டு பேருக்குப் பதில் எழுதினேன். குக்கர் விசில் கத்திக் கத்தி ஓய்ந்து, கஞ்சி அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "மதி நித்யா. போதும். விட்டுடு."

"நான் விட்டா ஆரு நோக்குவா?"

"நீ விழுந்தா ஆரு நோக்குவா?"

"நீ வாரா வாரம் பத்திரிகைக்கு எழுதுறியே. ஒரு வாரம் விட முடியுதா உன்னால?"

"எனக்கு அவங்க பணம் தர்றாங்க."

"பணத்துக்கா எழுதுறே?"

நர்ஸ் வந்து ஊசியைச் சரிசெய்தார். நல்லவேளை.

வீட்டுக்கு வந்ததும் அவளாகவே விலகினாள். நீளமாக விடைபெறும் கடிதம். எழுதும்போதே கண் கலங்கினாள். எல்லோரும் கெஞ்சப் போகிறார்கள், இவள் மனம் மாறப் போகிறாள் என்று பயந்து, அவள் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரும் கெஞ்சவில்லை. 'உடம்பைப் பார்த்துக்கொள் தங்கச்சி' என்றார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் புது மட்டுறுத்துநர் பெயரை அறிவித்துவிட்டார்கள். தேவி, கோலாலம்பூர்.

"இத்தற வேகமா அம்மா?" என்றாள் நித்யா. ஊசி குத்தும்போது அழாதவள், அப்போது அழுதாள்.

நான் என்ன சொல்லித் தேற்றுவது? இவள் இல்லாவிட்டால் மன்றம் நின்றுவிடும் என்பது அவளுக்குப் பாரமாக இருந்தது. நிற்காது என்று தெரிந்ததும் அதைவிடப் பாரம். இது என்ன கணக்கு? எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், இப்போது தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள், படுத்தால் தூங்குகிறாள். பெண் திரும்பக் கிடைத்துவிட்டாள். கதை முடிந்தது என்று இருந்தேன்.

முந்தாநாள் பகலில் நித்யா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா?"

"இல்லம்மா. தேவிதான். யாரோ ரொம்ப மோசமா திட்டுறாங்களாம். என்ன பண்ணட்டும் அக்கான்னு கேக்குது. பாவம், சின்னக் குட்டி. ஸ்கூல் கடைசி வருஷம்."

"ஸ்கூலா? அப்போ இந்த நேரத்துல கிளாஸ்ல இல்லாம..."

"பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்காங்களாம்."

இந்தப் பத்தியைக் கோலாலம்பூரில் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தெரியுமா என்று எனக்கு எழுதுங்கள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை... உங்கள் பெண் இன்றைக்குச் சாப்பிட்டாளா என்று முதலில் கேட்பேன்.