நண்டு போட்ட ஸ்வெட்டர்

1. மெஷினை நிறுத்திய நாள்

ராசாத்தி டீச்சர் எங்கள் அச்சகத்துக்கு வந்த அன்று மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். அதற்கு முன்னும் பின்னும் அந்த அச்சகத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போர்ட் பிளேர், டெய்ரி ஃபார்ம் பக்கம் எங்கள் அச்சகம். நான் பிலோமினா, அங்கே டி.டி.பி. ஆபரேட்டர். கல்யாணக் கார்டு, பில் புக், சர்ச் திருவிழா நோட்டீஸ், எலெக்‌ஷன் போஸ்டர் என்று அடித்து அடித்துக் கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம். குழந்தைகள் புத்தகம் என்று என் கைக்கு வந்தது அந்த ஒன்றுதான். சுனாமி முடிந்து ஊர் முழுக்கத் தகர ஷெட்டுகள் நின்ற காலம் அது.

எங்கள் முதலாளி தாஸ் பாபு வங்காளி. தமிழ் படிக்க வராது, தெலுங்கும் வராது. ஆனால் எல்லா பாஷையிலும் ஆர்டர் வரும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ப்ரூஃப் எடுத்ததும், எழுதியவரே எங்கள் எல்லார் முன்னாலும் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் தப்பு இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பாதி நாள் அது சரியாகவும் இருக்கும்.

டீச்சர் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்காரர். சிலோன் மலையிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறிய குடும்பம். அலையில் வீடும் போய், வீட்டுக்காரரும் போய், வண்டூர் போகிற ரோட்டில் ஒரு ஷெட்டில் இருந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் ஷெட்டில் குழந்தைகள் மையம் நடத்தியது. அங்கே அவருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதையை, அவரே கிரேயானில் வரைந்த படங்களோடு புத்தகமாகப் போடுகிறோம் என்று நிறுவனம் அனுப்பிவைத்திருந்தது.

படங்களை நான்தான் ஸ்கேன் செய்தேன். கதை இதுதான். ஷெட்டில் நிவாரணம் கொடுக்கிறார்கள். தென்னை மரம் ஏறுகிற தேங்காய் நண்டு ஒன்றும் க்யூவில் நிற்கிறது. அதற்கும் ஒரு கம்பளி ஸ்வெட்டர் கிடைக்கிறது. போட்டுப் பார்த்தால் கை இரண்டுதான் இருக்கிறது, நண்டுக்குக் காலோ பத்து. மறுபடி க்யூவுக்குப் போகிறது.

டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துகொண்டே வாசித்தார். "பாபு, எனக்குக் காலு பத்து இருக்குங்க. ரெண்டுக்குத்தான் சட்டை குடுத்தீங்க. மிச்ச எட்டும் குளிருல வெறைக்குதுங்க." உடனே நிவாரணம் கொடுக்கிற ஆபீஸ் பாபுவின் குரலுக்கு மாறினார். நெற்றி வியர்வையை வழித்துவிட்டுக்கொண்டு, "ஏக் கார்டு, ஏக் ஸ்வெட்டர். நெக்ஸ்ட்!"

நண்டு மீசை ஒட்டிக்கொண்டு வருகிறது. முக்காடு போட்டுக்கொண்டு வருகிறது. கடைசியில் ஐந்து ஸ்வெட்டரையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு தென்னை மரம் ஏறப் பார்த்து, மூச்சு முட்டிக் கீழே விழுகிறது. எல்லாவற்றையும் கழற்றித் தென்னைக்கு மாட்டிவிட்டு, "இந்தா, நீதான் ஒசரத்துல நிக்கிற, ஒனக்குத்தான் குளிரும்" என்று போய்விடுகிறது.

இந்தத் தீவின் புழுக்கத்தில் எங்களுக்கு மூட்டை மூட்டையாக ஸ்வெட்டர் வந்தது நிஜம். வாங்கியவர்கள் அதை வைத்துத் தரை துடைத்தார்கள், ஆட்டுக்குட்டிக்குப் போட்டுவிட்டார்கள். தமிழ் தெரியாத மெஷின்மேன் பிஸ்வாஸ்கூட, ஸ்வெட்டர் போட்ட தென்னை மரத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாஸ் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாஸ்! ஏக்தம் பாஸ்!" என்றார். டீச்சர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

டீ குடிக்கும்போது டீச்சர் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, எங்க ஷெட்டுப் புள்ளைக சிரிக்கவே மறந்து கெடந்துச்சிக. மழைத்தண்ணி தகரத்துல விழுந்தாக்கூட அலறுங்க. இந்தக் கதைக்குத்தான் மொத மொத சிரிச்சிச்சிக. மத்த ஷெட்டுலயும் புள்ளைக இருக்குதுல்ல? புஸ்தகமாப் போனா அதுகளும் சிரிக்கும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு." கொஞ்சம் பொறுத்து, "எம் பேரும் போடுவாங்கல்ல?" என்றார். முதல் பக்கத்தைத் திரையில் காட்டினேன். 'கதையும் படமும்: ராசாத்தி' என்று அடித்திருந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார், டீ ஆறிப்போயிற்று.

2. கோகுல் சார்

கலர் வேலை எங்களிடம் கிடையாது. பக்கம் கட்டி, சி.டி.யில் போட்டு மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அச்சாகிக் கப்பலில் திரும்பி வரும். சி.டி. போய்விட்டால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

அனுப்புவதற்கு முன்னால் நிறுவனத்தின் ப்ராஜெக்ட் ஆபீசர் கோகுல் சார் வந்தார். சென்னைக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். கெட்டவர்கள் செய்வதைத் தாங்கிக்கொள்ளலாம். இந்த மாதிரி நல்லவர்கள் செய்வதைத்தான் எங்கே போய்ச் சொல்வது என்று தெரிவதில்லை.

"மேடம், ஸ்வெட்டரை எடுத்துடலாமா? அனுப்பினவங்க பாத்தா மனசு கஷ்டப்படும். லைஃப் ஜாக்கெட்டா மாத்திடுங்க."

"கதையே ஸ்வெட்டர்தானே சார்?"

"கதையிலே ஒரு மெசேஜ் வேணும் மேடம். கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடணும்னு நண்டு பசங்களுக்குச் சொல்லித்தரட்டும். அந்த பாபுவைக் கொஞ்சம் சிரிச்ச முகமா போடுங்க, கவர்மெண்ட் ஆளுங்க பாப்பாங்க."

"டீச்சருக்குத் தெரியுமா சார்?"

"அவங்க நம்ம ஸ்டாஃப்தான். நான் பேசிக்கறேன்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எழுதியவர் வந்து வாசித்தால்தான் எங்கள் அச்சகத்தில் பாஸ் என்று சொல்லிவிட்டேன். டீச்சருக்கு மையத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி, கோகுல் சாரே எழுந்து நின்று, தான் மாற்றி எழுதிய கதையை வாசித்தார். 'அன்புக் குழந்தைகளே, பயப்படாதீர்கள், விழிப்போடு இருங்கள்.' பிஸ்வாஸ் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார். தாஸ் பாபு முழுசாகக் கேட்டுவிட்டு, "பெஹ்லே வாலா அச்சா தா" என்றார், முன்னது நன்றாக இருந்ததாம். கோகுல் சார் சிரித்துக்கொண்டே, "சின்னப் பசங்களுக்குத்தானே பாபு" என்றார். வாசித்ததில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தாஸ் பாபுவின் கண்டுபிடிப்பு அன்றைக்குப் பொய்த்துப்போனது.

கோகுல் சார் முதல் பக்கத்தில் 'கதையும் படமும்' வரியை எடுக்கச் சொல்லி நிறுவனத்தின் பெயரைப் போடச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தாஸ் பாபு வந்து, "க்யா கரேகா, பிலோமினா, ஆர்டர் உன்கா ஹை", என்ன செய்வது, ஆர்டர் அவர்களுடையது, என்று சொல்லி அவரே மௌஸைப் பிடித்து அந்த வரியை அழித்தார்.

3. சிரிக்கச் சொன்னார்கள்

கப்பலில் வந்த பார்சலோடு நானும் வண்டியில் ஏறி ஷெட்டுக்குப் போனேன். பந்தல், மைக், மாலை எல்லாம் இருந்தது. பெரிய ஆபீசர் ஒருவர் புத்தகத்தை வெளியிட்டார். பளபளவென்று நல்ல ஆர்ட் பேப்பர், குறை சொல்ல முடியாது.

டீச்சர் ஒரு பிரதியை வாங்கிப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசி அட்டை வரைக்கும் போய்விட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து விரலை வைத்துத் தேடினார். என்னைப் பார்த்தார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "இது யாரு நண்டு தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

கோகுல் சார் வாசித்தார். பிள்ளைகள் கேட்டார்கள். கடல் உள்வாங்கும் பக்கம் வந்ததும் ஒரு பெண் குழந்தை எழுந்து போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டது. போட்டோகிராஃபர் கேமராவை இறக்கினார். "சார், பசங்க மூஞ்சி இப்படி இருந்தா எப்படி? சிரிச்ச மாதிரி ஒண்ணாவது வேணும்."

கோகுல் சார் டீச்சரிடம் வந்தார். "டீச்சர், ஏதாவது சொல்லிக் கொஞ்சம் சிரிக்க வைங்களேன்."

நானாக இருந்தால் புத்தகத்தை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். டீச்சர் கம்பத்தைப் பிடித்து நின்ற குழந்தையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினார். பிள்ளைகள் முன்னால் போய்ப் பக்கவாட்டில் நடந்தார். "பாபு, எனக்குக் காலு பத்து இருக்குங்க."

ஷெட்டே அதிர்ந்தது. "நெக்ஸ்ட்! நெக்ஸ்ட்!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள், ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுகிறார்கள். கம்பத்தை விட்டுவிட்டு அந்தக் குழந்தையும் ஓடிவந்துவிட்டது. "புக்கைத் தூக்கிப் பிடிங்க, புக்கைத் தூக்கிப் பிடிங்க" என்று போட்டோகிராஃபர் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லார் கையிலும் அந்தப் புத்தகத்தைத் திணித்தார்கள். டீச்சர் படத்தில் விழாதபடி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றே கதையை முடித்தார்.

4. இரண்டாம் பதிப்பு

அந்தப் போட்டோ எங்கெங்கோ போனது. புத்தகம் பிள்ளைகளை இப்படிச் சிரிக்க வைக்கிறதே என்று பார்த்தவர்கள் பாராட்டினார்களாம். இன்னும் பல தீவுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டாம் பதிப்பு ஆர்டர் வந்தது. அட்டையில் அந்தப் போட்டோவையே போடச் சொன்னார்கள். ஆக, டீச்சர் சொன்ன கதையின் சிரிப்பை எடுத்து, அந்தக் கதையைக் கொன்ற புத்தகத்துக்கு அட்டையாக ஒட்டியாயிற்று.

அதற்குள் டீச்சர் கச்சாலுக்கே திரும்பிப் போயிருந்தார். நான் கோகுல் சாருக்குப் போன் போட்டேன். "சார், இந்தப் பதிப்பிலாவது ராசாத்தி டீச்சர் பேரைப் போடலாமே. ஒரு வரிதான்."

அவர் கோபப்படவில்லை. எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னார்: "அவங்க நம்ம ப்ராஜெக்ட்ல பயனாளி மேடம். பயனாளிங்க பேரெல்லாம் போடறதில்ல."

நான் போனை வைத்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் புத்தகம் வந்தாலும், தலைப்பை அடிப்பதற்கு முன் எழுதியவர் பெயரை அடித்துவிடுகிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளும் அப்படிச் செய்யுங்கள். எழுதியவர் பெயர் வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கிறவர்கள் நம் எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, எடுத்துவிடு என்று சொல்லட்டும். சொல்லக் கூச்சப்படுவார்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இதுவரை யாரும் கூச்சப்படவில்லை.