அப்பாவின் மடக்குக்கத்தியும் சித்தப்பாவின் தேங்காய் எண்ணெயும்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதுபோன்ற நினைவு மலரில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பது வழக்கம். போனவர் நல்லவர், இருப்பவர்கள் அவரைவிட நல்லவர்கள் என்று எழுதி, கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு இடம் கொடுக்கவில்லை. அவருக்கு நான் ஒரே மகள். அவருக்காகக் கோபப்பட வேறு ஆள் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா குடியாத்தத்தில் பிறந்தவர். தாத்தாவுக்குக் கட்கி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கைக்குழந்தையாகவே புனேவுக்கு வந்துவிட்டார். பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, வீட்டில் வேலூர்ப் பக்கத்துத் தமிழ் என்று வளர்ந்தார். டிப்ளமா படிக்கும்போதே தாத்தா காலமாகிவிட்டார். இரண்டு அத்தைமாருக்கும் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி அப்பா யோசித்தார். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில், பெரிய இயந்திரங்களைக் கிரேனில் தூக்கி இறக்கும் பிரிவுக்கு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றார். பிம்ப்ரி வீட்டிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில்தான் போய்வருவார். சாந்தசொரூபி என்று எழுதினால் அவரே சிரிப்பார். இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவரிடம் மூன்று மொழிகளிலும் சண்டை போடக்கூடியவர். பொய் மட்டும் சொல்லமாட்டார், யார் சொன்னாலும் பொறுக்கமாட்டார்.

அவருடைய ஆசை என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். பெரிய மடக்குக்கத்திகளைச் சேர்ப்பார். சாதாரணக் கத்திகள் அல்ல. ஒரு பக்கம் அலகும் டின் திறப்பானும் திருப்புளியும் இருக்கும், முதுகுப் பக்கம் விரல் நீளத்துக்குத் தடித்த எஃகு முள் ஒன்று மடங்கியிருக்கும். இறுகிப்போன கயிற்று முடிச்சுக்குள் விட்டு நெகிழ்த்துவதற்கான முள் அது. கப்பல்காரர்களுக்காகச் செய்தது. கடலே இல்லாத புனேயில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களை அப்பா ஏற இறங்கப் பார்ப்பார். ஜூனா பஜாருக்குப் போய், துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து தேடுவார். அப்படிக் கிடைத்ததுதான் கறுப்புப் பிடி போட்ட பெரிய கத்தி. துருவில் முழுவதுமாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, பொறுமையே இல்லாத அந்த மனிதர் வாரக்கணக்கில் பொறுமையாக இருந்து அதைத் திறந்தார். அலமாரியில் எத்தனை இருந்தாலும் அதுதான் அவருக்கு உயிர்.

சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை கணவர், சென்னையிலிருந்து இங்கே புனேயில் ஹிஞ்சேவாடிக்கு மாற்றலாகி வந்தபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவுக்கும் இதே பைத்தியம். விஷயமும் தெரியும், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் சகலைகள் இருவரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்துக் கத்திகளைப் பரப்புவார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுப்பார். பருத்திக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, நனைத்து, இறுக்கி, பால்கனியில் காயவைத்திருப்பார் அப்பா. எந்த முள் கயிற்றின் புரியை அறுக்காமல் உள்ளே நுழைகிறது, எது வழுக்குகிறது, எது ஆணியில் ஆடுகிறது என்று பார்ப்பார்கள். கறுப்புப் பிடிக் கத்தியைப் போலவே, அச்சு அசலாக அதே தயாரிப்பில், சித்தப்பாவிடமும் ஒன்று இருந்தது. ஆனால் அதன் முள் ஆடும். வாராவாரம் அது தோற்கும். வாராவாரம் அப்பா கேலி செய்வார்.

"இன்னா தம்பி, உன் முள்ளு தலையாட்டிகினே இருக்குது? எல்லாத்துக்கும் சரி சரின்னுதா?"

சித்தப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எங்கள் வீட்டிலேயே பூஜை வைத்தோம். இருவருடைய கத்திகளும் ஒரே பலகையில், சந்தனம் குங்குமத்தோடு. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மறுநாள் அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் சித்தப்பா வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டார். "உங்களத உறையில போட்டு அலமாரில வச்சிட்டேண்ணே" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். பூஜைப் பலகையிலிருந்து ஒருவன் திருடுவான் என்று யார்தான் நினைப்பார்கள்?

அதன் பிறகு ஆபீஸ் வேலை என்று சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை, கத்தியும் உறையிலேயே கிடந்தது. டிசம்பரில் ஒரு காலையில் அப்பா கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்தார். முள் அசையவில்லை. மூட்டில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. பால்கனி வெயிலில் வைத்தார். வெள்ளை உருகி வழிந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவும் முகர்ந்தார். தேங்காய் எண்ணெய்.

புனேயில் குளிர்காலத்தைப் பார்த்த எந்தத் தமிழனும் கத்தி மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போடமாட்டான். குளியலறையில் பாட்டிலோடு உறைந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறோமே! அப்பா தையல் மிஷின் எண்ணெயைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. உறையவே உறையாத சென்னையிலிருந்து வந்து, புனேயின் முதல் குளிரை அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான். வெயிலில் இளகிய முள்ளை அப்பா திறந்தார். அது ஆடியது.

உடனே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"தம்பி, கத்தி மாறிப்போச்சு. பரவால்ல. கொண்டாந்து குடுத்துடு."

"நான் உங்க கத்தியத் திறக்கவே இல்லண்ணே. உறையில போட்டதோட சரி."

"அப்ப தேங்கா எண்ணெ எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீங்களே போட்டிருப்பீங்க. மறந்திருப்பீங்க."

"சரி, உன்னுத எடுத்துகினு வா. ரெண்டையும் மேஜைல வச்சிப் பாத்துடலாம்."

"அத ஒரு ஃபிரண்டுக்குக் குடுத்துட்டேனே" என்றார் சித்தப்பா.

அதோடு விட்டிருந்தால் ஒரு கத்தியோடு போயிருக்கும். அடுத்த மாதம் பிம்ப்ரியில் நடந்த நிச்சயதார்த்தத்தில், உங்களில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், சித்தப்பா பரிதாபமான முகத்தோடு சொன்னார்: "அண்ணனுக்கு ஞாபகம் தப்புது. யாரும் மனசுல வச்சிக்காதீங்க. கொஞ்சம் பாத்துக்கங்க."

நீங்களும் பார்த்துக்கொண்டீர்கள். எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதை எழுத எனக்குக் கை கூசவில்லை. அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைக்கச் சொல்லி அம்மாவுக்கு யோசனை கொடுத்தீர்கள். தூக்கி வளர்த்த பிள்ளைகளே எதிரில் வந்து, "மாமா, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தினார்கள். அப்பா கோபப்பட்டார். கோபம்கூட அந்த நோயின் அறிகுறி என்றீர்கள். டாக்டரிடம் அழைத்துப்போனோம். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் ஆறுதலுக்குச் சொல்வார்கள் என்று சித்தப்பா விளக்கம் கொடுத்தார், நீங்கள் தலையாட்டினீர்கள். மூன்று மொழிகளில் சண்டை போட்டவர் எந்த மொழியிலும் பேசாமல் போனார். விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தினார். மேஜையில் துண்டு விரிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும் திரும்பி வரவில்லை.

மாரடைப்பால் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சித்தப்பா பழங்களோடு வந்தார். கட்டிலருகே குனிந்து, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி, "நான் யாருன்னு தெரியுதாண்ணே?" என்று கேட்டார்.

அப்பா கண்ணைத் திறந்து அவரை முழுசாகப் பார்த்தார். "தெரியும்டா. நல்லாத் தெரியும்."

அப்பா பேசி நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான். மறுநாள் காலமானார். அந்த நிமிஷமே எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. என் அப்பாவை மறதிக்காரர் ஆக்கியவரை யாரும் மறக்க முடியாதபடி செய்ய வேண்டும். ஒரு வருஷம் காத்திருந்தேன்.

இதுவரை எழுதியதன் மெய்ப்பு, பிழை பார்ப்பதற்காக, அச்சகத்திலிருந்து அம்மாவின் போனுக்கு வந்தது. அம்மா இரண்டு முறை படித்தார். அவருக்குத் தங்கை முகத்தில் நாளை விழிக்க வேண்டுமே. கடைசியில், "சாவிய ஒளிச்சி வச்சது நான். அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்த கேக்கல. அதையும் சேத்து நீ எழுதுடி" என்றார். எழுதச் சொன்னவரே தங்கைக்கும் அதை அனுப்பிவைத்தார். முதுகில் குத்தும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அன்று மாலையே சித்தப்பா வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தார். கறுப்புப் பிடிக் கத்தி.

"பீரோவுக்குப் பின்னாடி கெடந்துச்சும்மா. இத நீ வச்சிக்க. மலர்லேர்ந்து அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துடு."

நான் முள்ளைத் திறந்தேன். வழவழவென்று திறந்து, ஆடாமல் நின்றது.

"கத்தி எனக்குப் பெருசில்ல, சித்தப்பா. நினைவு நாள் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, அண்ணனுக்கு ஞாபகம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொன்னது நான்தான்னு சொல்லுங்க. முழுக் கட்டுரையையும் கிழிச்சிடறேன்."

"அது எப்படிம்மா? எனக்குன்னு ஒரு மரியாத இருக்குல்ல?"

"எங்கப்பாவுக்கும் இருந்துச்சு."

அவர் எழுந்து கத்தியை எடுக்கக் கை நீட்டினார். நான் அதை மடக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கத்தி வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்தை எடுக்கவில்லை. அவர் வந்துபோனதையும் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தேன். அநியாயம் என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும், எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

இனி நன்றி. அப்பாவைக் கடைசிவரை பெயர் சொல்லி அழைத்துச் சண்டைக்கு இழுத்த தளேகாவ் நண்பர்களுக்கு, அவரை நோயாளியாக நடத்தாததற்காக நன்றி. உண்மையைச் சொன்ன டாக்டருக்கு நன்றி. எழுதச் சொன்ன அம்மாவுக்கு நன்றி. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு இதைப் பெரியவர்கள் வாய்விட்டுப் படித்துக்காட்டினால் அதற்கும் நன்றி.

சித்தப்பாவை நானே நேரில் போய் அழைத்திருக்கிறேன். வராமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் நிச்சயம் வந்திருப்பார். குடும்பத்து ஆண்களில் இப்போது மூத்தவர் என்பதால் முன்வரிசையில், அப்பாவின் படத்துக்கு நேர் எதிரில் நாற்காலி போட்டிருக்கிறோம். யாரும் அவரைத் திட்ட வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போவது நம் வழக்கம். ஒவ்வொருவராக அவரிடம் போங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்கு ஞாபகம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை கையை விடாதீர்கள்.